எம்டிபியா, ஏசிசிடிபியா: பழைய ஆக்சஸ் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு

கொதிகலனுக்குப் போகும் குழாயில் பஞ்ச் அடித்த ஹீட் நம்பர், அந்தக் குழாய் பட்டறையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆன பிறகும் கேள்விக்கு வரும். எந்த மில்லில் உருகிய இரும்பு, சர்டிபிகேட் எங்கே, வெல்டிங் அடித்தவர் யார், அன்றைக்கு அவருடைய தகுதிச் சான்று செல்லுபடியாக இருந்ததா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் விதிமுறைகள்) வேலை எடுக்கிற எவருக்கும் இது புதிதல்ல. செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு 1960களில் திருவெறும்பூரில் எழுந்த பெல் கொதிகலன் ஆலையை நம்பி, துவாக்குடி தொழிற்பேட்டை வரைக்கும் சிறு ஃபேப்ரிகேஷன் கூடங்கள் வளர்ந்தன. நான் பார்த்தவரை அவற்றில் பல கூடங்களில் மேலே சொன்ன கேள்விகளுக்கான பதில், எம்டிபி என்று பெயர் முடியும் ஒரே ஒரு கோப்புக்குள் இருக்கிறது. 1990களின் கடைசியிலோ 2000களிலோ விபி6 (விஷுவல் பேசிக் 6) தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்த நிரல் அது. எழுதியவர் இன்று பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது புது கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள். கடைக்காரர், "இன்னும் எம்டிபியா சார்? ஏசிசிடிபிக்கு மாத்திடுங்க" என்கிறார். மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் இந்த அத்தியாயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பின் வயதைப் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதைத் திறக்கும் நிரலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆக்சஸ் 97 கோப்பாக இருந்தால் தரவை உடனே வெளியே எடுத்தாக வேண்டும். 2000 அல்லது 2003 வடிவ எம்டிபியாக இருந்து, அதை விபி6 நிரல் திறக்கிறது என்றால் அப்படியே விடலாம். அதே கோப்பை ஆக்சஸிலேயே திறந்து வேலை செய்கிறீர்கள் என்றால் ஏசிசிடிபிக்கு மாறுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது எம்டிபியைத் தொடாதீர்கள்.

கோப்பு எந்தத் தலைமுறை

எம்டிபி என்பது ஒரே வடிவம் அல்ல. 1992இல் ஆக்சஸ் வந்ததிலிருந்து 2003 வரைக்கும் பல தலைமுறை வடிவங்கள் அதே பின்னொட்டோடு வந்தன. நமக்கு முக்கியமான பிளவு ஒன்றுதான்: ஆக்சஸ் 97 வரைக்கும் ஜெட் 3, ஆக்சஸ் 2000 முதல் ஜெட் 4. ஜெட் 3இல் ஒரு கோப்பின் உச்சவரம்பு 1 ஜிபி, யூனிகோட் கிடையாது. ஜெட் 4இல் 2 ஜிபி, யூனிகோட் உண்டு. ஏசிசிடிபி 2007 ஆபீஸோடு வந்தது; அதன் எஞ்சினுக்கு ஏஸ் என்று பெயர். அதற்கும் வரம்பு அதே 2 ஜிபிதான். ஏசிசிடிபிக்கு மாறினால் இடம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்தத் தலைமுறை என்று கண்டுபிடிக்க ஆக்சஸ்கூட வேண்டாம். கோப்பின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்தால் குப்பையாக எழுத்துகள் வரும். முதல் வரியிலேயே ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்றோ ‘ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி’ என்றோ ஆங்கிலத்தில் இருக்கும். பார்த்துவிட்டு சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்த தரவுத்தளம் அதோடு செத்தது. நகலில் பார்க்கச் சொல்வது அதனால்தான். ஜெட் என்று வந்தால் 97ஆ 2000ஆ என்று அடுத்த கேள்வி. ஹெக்ஸ் எடிட்டர் பழக்கமுள்ளவர்கள் 21ஆவது பைட்டைப் பார்க்கலாம்: 00 என்றால் 97, 01 என்றால் 2000 அல்லது 2003. பழக்கமில்லாதவர்களுக்கு எளிய வழி, ஆக்சஸ் 2013 அல்லது அதற்குப் பிந்தையதில் திறந்து பார்ப்பது. பழைய பதிப்பின் கோப்பு, திறக்க முடியாது என்று மறுத்தால் அது 97. 2013லிருந்து மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை மூடிவிட்டது.

கோப்பின் பெயரில் எம்டிபியை அழித்துவிட்டு ஏசிசிடிபி என்று எழுதினால் வடிவம் மாறிவிடாது. இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் அப்படி ‘மாற்றிய’ கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

யார் திறக்கிறார்கள்

திரையில் ஆக்சஸ் தெரிகிறதா, தனி நிரல் தெரிகிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை அழுத்தினால் உங்கள் கம்பெனிப் பெயரோடு ஒரு ஜன்னல் திறந்து, மெனுவில் ஸ்டோர்ஸ், க்யூசி, டெஸ்பாட்ச் என்று வந்தால் பெரும்பாலும் அது விபி6 எக்ஸி. எம்டிபி வெறும் கிடங்காகப் பின்னால் இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலம் உண்டு. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். விபி6 ஓடத் தேவையான அடிப்படைக் கோப்புகளை விண்டோஸ் 11 வரைக்கும் மைக்ரோசாஃப்ட் கூடவே தருகிறது. ஜெட் 4 எஞ்சினின் 32-பிட் பதிப்பும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது விபி6 நிரலும் 2000 வடிவ எம்டிபியும் ஆபீஸ் வாங்காமலே புதுக் கம்ப்யூட்டரில் ஓடும். நிரலை எழுதியவர் சேர்த்த கிரிட், பிரிண்ட் கன்ட்ரோல் போன்ற துணைக் கோப்புகளைப் பதிவு செய்தால் போதும்.

ஏசிசிடிபிக்கு மாற்றினால் இந்த வசதி போய்விடும். ஜெட்டுக்கு ஏசிசிடிபியைப் படிக்கத் தெரியாது. ஏஸ் எஞ்சினைத் தனியாக நிறுவ வேண்டும். நிரலுக்குள் ஜெட் என்று எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் ஏஸ் என்று மாற்றி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு சோர்ஸ் கோடு வேண்டும். எழுதியவருக்குப் போன் போட்டால், "அண்ணே, அந்த லேப்டாப் போயே பத்து வருஷம் ஆச்சு" என்பார். சோர்ஸ் இல்லையென்றால் விவாதமே இல்லை, எம்டிபிதான்.

சோர்ஸ் இருந்தாலும் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. விபி6 நிரல் எப்போதும் 32-பிட். அதற்கு 32-பிட் ஏஸ்தான் வேலைக்காகும். ஆபீஸோ 2019லிருந்து தானாகவே 64-பிட்டாக நிறுவிக்கொள்கிறது. ஒரே கம்ப்யூட்டரில் 64-பிட் ஆபீஸும் 32-பிட் ஏஸும் சுலபமாகச் சேர்ந்திருக்காது. புது கம்ப்யூட்டர் வந்த அன்று ‘புரொவைடர் பதிவாகவில்லை’ என்று ஆங்கிலத்தில் பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆபீஸ் வாங்கும்போதே 32-பிட் வேண்டும் என்று கேட்டு நிறுவச் சொல்லுங்கள். விலை ஒன்றுதான்.

97 கோப்பும் விபி6 நிரலும் சேர்ந்த கூட்டணிதான் மிகவும் சிக்கலானது. விபி6 வெளிவந்த காலத்தில் அதன் டேட்டா கன்ட்ரோல் ஜெட் 3.51ஐ நம்பியிருந்தது. அப்படிக் கம்பைல் ஆன எக்ஸிக்கு 2000 வடிவக் கோப்பைக் கொடுத்தால் ‘அறியாத தரவுத்தள வடிவம்’ என்று சொல்லிவிடும். ஆகவே ஓடுகிற கோப்பை அங்கேயே 97ஆக விட்டுவிட்டு, அதன் நகலை மட்டும் புது வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் அந்த நகலைப் புதுப்பியுங்கள். நிரலுக்கு மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும். தரவுக்கும் ஆபத்து இல்லை.

ஆக்சஸிலேயே வேலை செய்பவர்களுக்கு

ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் ஆக்சஸுக்குள்ளேயே இருந்தால் ஏசிசிடிபிக்கு மாறுவது நல்லது. முக்கியக் காரணம் பாதுகாப்பு. எம்டிபிக்குப் போடும் பாஸ்வேர்டு பேருக்குத்தான். இணையத்தில் கிடைக்கும் சிறு கருவிகள் அதைக் கணநேரத்தில் படித்துக் காட்டும். ஏசிசிடிபியில் பாஸ்வேர்டு போட்டால் கோப்பே மறையாக்கம் ஆகிவிடும்; 2010லிருந்து அது ஏஇஎஸ் முறையில் நடக்கிறது. ஆட்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் சம்பளப் பட்டியலில் இருக்கும் இந்தக் காலத்தில், 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்ட பிறகு, எம்டிபி பாஸ்வேர்டை நம்பி இருப்பது சரியல்ல. பாஸ்வேர்டை மறந்தால் ஏசிசிடிபி திறக்காது என்பதும் அதே உண்மையின் மறுபக்கம். உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் டேட்டா மேக்ரோ. 2010 ஏசிசிடிபியில் இது வந்தது. எந்த ஃபார்ம் வழியாக இஷ்யூ போட்டாலும் இருப்பு தானாகக் குறையும்படி அட்டவணையிலேயே எழுதி வைக்கலாம். முன்பு ஃபார்முக்கு ஃபார்ம் தனியாக எழுத வேண்டியிருந்தது. ஒன்றில் விட்டுப்போனால் ஸ்டாக் உதைக்கும்.

இழப்பும் உண்டு. எம்டிபியில் எம்டிடபிள்யூ என்ற துணைக் கோப்பை வைத்து ஸ்டோர்கீப்பருக்கு இவ்வளவு, க்யூசிக்கு இவ்வளவு என்று உரிமை பிரித்திருந்தால், ஏசிசிடிபியில் அந்த ஏற்பாடே கிடையாது. இரண்டு இடங்களில் உள்ள நகல்களை ஒன்றோடொன்று சேர்க்கும் ரெப்ளிகேஷனும் கிடையாது. இந்த இரண்டில் ஒன்றை உண்மையிலேயே பயன்படுத்துபவர்கள் 2003 வடிவத்திலேயே இருக்கலாம், அல்லது இதைவிடப் பெரிய தரவுத்தளத்துக்குப் போகலாம். நடுவில் நிற்பதில் பயனில்லை.

ஏசிசிடிபி காட்டும் சில ஆசைகளுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அட்டாச்மென்ட் ஃபீல்டு அவற்றில் முதலாவது. மில் சர்டிபிகேட்டின் பிடிஎஃபை ஹீட் நம்பருக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஸ்கேன் ஒன்று 1 எம்பி என்று வைத்தால்கூட இரண்டாயிரம் சர்டிபிகேட்டில் 2 ஜிபி முட்டிவிடும். பிடிஎஃப்களை ஆண்டுவாரியாக ஃபோல்டரில் போட்டு, அட்டவணையில் அதன் பாதையை மட்டும் எழுதுங்கள். அடுத்தது பல மதிப்பு ஃபீல்டு. ஒரு வெல்டருக்கு டிக், ஆர்க், மிக் என்று மூன்று முறையில் தகுதி இருந்தால் ஒரே கட்டத்தில் மூன்றையும் டிக் அடிக்க அது இடம் கொடுக்கும். வேண்டாம். ஆஸ்மி செக்‌ஷன் 9இன்படி ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாத வெல்டருக்கு அந்த முறையில் தகுதி போய்விடும். ஒவ்வொரு முறைக்கும் கடைசியாக வேலை செய்த தேதி தனியாக இருந்தால்தான் யாருக்கு எது முடியப் போகிறது என்று ஒரு க்வெரியில் எடுக்க முடியும். வெல்டர் ஒரு அட்டவணை, வெல்டரும் முறையும் தேதியும் இன்னொரு அட்டவணை. அட்டாச்மென்டோ பல மதிப்பு ஃபீல்டோ சேர்ந்துவிட்ட ஏசிசிடிபியை மறுபடி எம்டிபியாகச் சேமிக்கவும் முடியாது. திரும்பும் வழி அடைந்துவிடும்.

எந்த வடிவமானாலும் கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். அட்டவணைகள் மட்டும் ஒரு கோப்பில், சர்வரில். ஃபார்மும் ரிப்போர்ட்டும் இன்னொன்றில், ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல். சர்வருக்குக் கேபிள் போடுங்கள், வைஃபை வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் ஆக்சஸ் கோப்பு பழுதாகும், அதில் எம்டிபி ஏசிசிடிபி வித்தியாசம் கிடையாது. மின்சாரம் போனாலும் அதே கதி. 2008க்குப் பிறகு சில வருஷம் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டில் அடிபட்டவர்களுக்கு யூபிஎஸ் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் ஓடும் கோப்பை வைப்பது அதைவிட மோசம். பேக்கப் நகலுக்கு மட்டும் அவை சரி.

தமிழ் எழுத்து

வடிவம் மாற்றுபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் எழுதிய கையேடுகள் இதைத் தொடுவதே இல்லை.

97 காலத்து ஆக்சஸில் யூனிகோட் இல்லை. ஆள் பெயர், ஊர், விலாசம் ஆகியவற்றைத் தமிழில் வைக்க விரும்பியவர்கள் பாமினி, வானவில், டிஸ்கி, டாப் என்று ஏதோ ஒரு எழுத்துருவை நிறுவி அடித்தார்கள். 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. யூனிகோடை ஏற்று ஆணை வந்தது 2010இல்தான். ஆக, உங்கள் கோப்பில் இருப்பது தமிழ் அல்ல. பாமினியில் அடித்திருந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் சேமிப்பாகியிருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

97லிருந்து 2003க்கும், 2003லிருந்து ஏசிசிடிபிக்கும் மாற்றினாலும் அந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே வரும். கோப்பின் வடிவ மாற்றம் வேறு, எழுத்தின் குறியீட்டு மாற்றம் வேறு.

இதில் பலர் கவனிக்காத ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. ஜெட்டும் ஏஸும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். பாமினியிலோ சிறிய ‘எம்’ என்றால் அ, பெரிய ‘எம்’ என்றால் ஆ. சிறிய ‘கே’ என்றால் ம, பெரிய ‘கே’ என்றால் மு. விளைவு, அனந்தனும் ஆனந்தனும் உங்கள் தரவுத்தளத்துக்கு ஒரே ஆள். ஒருவரைத் தேடினால் இருவரும் வருவார்கள். பெயர் ஃபீல்டில் இரட்டிப்பு கூடாது என்று இண்டெக்ஸ் போட்டிருந்தால் இரண்டாமவரைச் சேர்க்கவே விடாது. சம்பளத்தைப் பெயர் வாரியாகக் கூட்டும் ரிப்போர்ட் இருந்தால் இருவர் கூலியும் ஒரே வரியில் விழும். யூனிகோடுக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். மாற்றிய பிறகு பழைய ரிப்போர்ட்டோடு எண்ணிக்கை ஒத்துப்போகவில்லையென்றால் பதறாதீர்கள். முதலில் இந்த இரட்டையர்களைத் தேடுங்கள்.

குறியீட்டை மாற்ற, தமிழ் ஃபீல்டுகளை மட்டும் அடையாள எண்ணோடு வெளியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு, அதே எண்ணை வைத்து திரும்பச் சேருங்கள். பழைய ஃபீல்டை அழிக்காமல் பக்கத்தில் புது ஃபீல்டு உருவாக்கிச் சேர்ப்பது நல்லது. ஒரே ஃபீல்டில் பாதி ஆங்கிலம், பாதி பாமினி கலந்திருந்தால் மாற்றி ஆங்கிலத்தையும் தமிழாக்கிக் கெடுத்துவிடும். விலாச ஃபீல்டுகளில் இது சாதாரணம். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

யூனிகோடிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழப்போவது ஸ்ரீரங்கத்துக்காரர்கள். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஸகரத்தில் தொடங்கி ஒரு விதம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு விதம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். தேடும்போது ஒன்றைப் போட்டால் மற்றது வராது. ஸ்ரீரங்கத்தில் உள்ள சப்ளையர்கள், ஸ்ரீனிவாசன்கள், ஸ்ரீதேவிகள் பாதிப்பேர் காணாமல் போவார்கள். ஃபைண்ட்-ரீப்ளேஸ் வைத்து எல்லாவற்றையும் ஸகர வடிவுக்கு ஒருமுறை கொண்டுவந்துவிடுங்கள்.

குறுகிய டெக்ஸ்ட் ஃபீல்டுக்கு 255 எழுத்து என்ற வரம்பும் தமிழில் சீக்கிரம் முடியும். ‘கொ’ இரண்டாகக் கணக்காகும், ‘ஸ்ரீ’ நான்காகும். நீண்ட விலாசத்துக்கு லாங் டெக்ஸ்ட் போடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. உங்கள் நிரல் விபி6 என்றால் யூனிகோடுக்கு மாற்றாதீர்கள். விபி6இன் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸுக்கு யூனிகோட் தமிழைக் காட்டத் தெரியாது. வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். யாராவது அந்தக் கேள்விக்குறிகளோடு ‘சேவ்’ அழுத்தினால் பெயர் நிரந்தரமாகப் போய்விடும். ஆக்சஸின் ஃபார்ம்களில் இந்தப் பிரச்சினை இல்லை. அதன் விபிஏ எடிட்டரில் மட்டும் தமிழில் அடிக்க முடியாது. திரையில் காட்ட வேண்டிய தமிழ் வாசகங்களை ஃபார்மில் லேபிளாகவோ அட்டவணையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் நாள்

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வெளியே வந்தார்களா என்று பார்க்க, கோப்பு இருக்கும் ஃபோல்டரில் எல்டிபி என்று முடியும் பூட்டுக் கோப்பு இருக்கிறதா பாருங்கள். யாராவது திறந்து வைத்திருந்தால் அது அங்கே இருக்கும். இல்லையென்று உறுதியான பிறகு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

முதலில் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர். பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு அட்டவணைக்கும் மூன்று எண்கள்: எத்தனை வரி, ஏதாவது ஒரு எண் ஃபீல்டின் கூட்டுத்தொகை, கடைசித் தேதி. மாற்றிய பின் இதே மூன்றும் பொருந்த வேண்டும். வரி எண்ணிக்கை மட்டும் போதாதா என்று கேட்பார்கள். வரி வந்திருக்கும், எடை ஃபீல்டில் தசமம் போயிருக்கும். கூட்டுத்தொகை அதைக் காட்டிக் கொடுக்கும்.

97 கோப்பாக இருந்தால் ஏசிசிடிபிக்கு நேராகத் தாவ வேண்டாம். ஆக்சஸ் 2003, 2007, 2010 இவற்றில் ஏதாவது ஒன்றில் திறந்து முதலில் 2002-2003 எம்டிபியாக மாற்றுங்கள். திறந்து பார்த்து, எண்களைச் சரிபார்த்த பிறகு ஏசிசிடிபி. அந்தப் பதிப்புகள் எங்கும் கிடைக்கவில்லையென்றால், விபரம் தெரிந்த ஒருவர் விண்டோஸில் உள்ள 32-பிட் ஜெட் வழியாகத் தரவை மட்டும் எடுத்துக் கொடுக்க முடியும். ஃபார்மும் ரிப்போர்ட்டும் வராது, அட்டவணைகள் வந்துவிடும். பட்டறைக்கு அதுதான் சொத்து.

கடைசியாக எல்லா அட்டவணைகளையும் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து வையுங்கள். ஏற்றுமதி செய்யும்போது அட்வான்ஸ்டு பொத்தானில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோட் தமிழ் கேள்விக்குறியாகும். அந்த சிஎஸ்வியை எக்ஸெலில் இரட்டைக் க்ளிக் செய்து திறந்து சேமிக்காதீர்கள். முன்னால் உள்ள சுழியங்களை எக்ஸெல் தின்றுவிடும். எண்களுக்கு நடுவே ஆங்கில ‘ஈ’ எழுத்து உள்ள ஹீட் நம்பரை அறிவியல் குறியீடு என்று நினைத்து பத்தின் அடுக்காக மாற்றிவிடும். ஐபிஆர் ஆவணத்தில் அப்படி ஒரு ஹீட் நம்பர் போய் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

இரண்டும் வேண்டாம் என்றால்

ஃபாக்ஸ்ப்ரோ கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிபிஎஃப் எம்டிபியைவிடப் பழையது, ஆனால் தரவைப் பொறுத்தவரை அதைவிடப் பத்திரமானது. லிப்ரே ஆபீஸ் கால்க் அதை நேராகத் திறக்கும். ஆபத்தில் இருப்பது நிரல். டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ 64-பிட் விண்டோஸில் ஓடாது, டாஸ்பாக்ஸ் மாதிரி ஒன்று வேண்டும். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது.

புதிதாக எழுதித் தர ஆள் இருக்கிறார், ஆபீஸ் உரிமம் வாங்க விருப்பமில்லை என்றால் எஸ்க்யூலைட் என் தேர்வு. இலவசம், ஒரே கோப்பு, யூனிகோட் இயல்பாகவே உண்டு, எந்த ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது. 2004லிருந்து மாறாத அதன் கோப்பு வடிவத்தை 2050 வரை காப்போம் என்று அதை உருவாக்கியவர்கள் உறுதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துப் பலர் ஒரே நேரத்தில் எழுத அது ஏற்றதல்ல. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நிரல் என்ற இடத்தில் நன்றாக இருக்கும். ஃபார்ம், ரிப்போர்ட் எதுவும் அதோடு வராது, எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும்.

கணக்கு வழக்கை மட்டும் இந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். உங்கள் கூடம் பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் ஆடிட் டிரெயில் இருந்தாக வேண்டும், அதை யாரும் அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். ஆக்சஸில் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் நிரல் எம்டிபியில் இருந்தாலும் ஏசிசிடிபியில் இருந்தாலும் அந்த விதியைத் தானாக நிறைவேற்றாது. கணக்கை அதற்கென்று உள்ள மென்பொருளுக்கு மாற்றிவிட்டு, ஸ்டோர்ஸ், க்யூசி, வெல்டர் பதிவை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில் தரவையும் அழிக்க வேண்டாம். ஜிஎஸ்டி சட்டப்படி அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம், கம்பெனிச் சட்டப்படி 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கும் ஆபீஸ் 2016, 2019க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பல கூடங்களில் பழைய கம்ப்யூட்டர்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் ஏதாவது ஒன்றில் ஆபீஸ் 2003ஓ 2010ஓ இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள். 97 கோப்பு உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். பக்கத்துப் பட்டறையில் இருக்கும். அவர் கோப்பையும் அதில் மாற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் எடைக்குப் போடுங்கள்.